செக்கு எண்ணெய்த் தொழிலில் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிடலாம்?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வேலையை விட்டுவிட்டு, சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து மரச்செக்கு ஒன்றை வாங்கி, கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு மாதங்கள் உறவினர்களும் நண்பர்களும் வாங்கினார்கள். அதன் பிறகு விற்பனை படுத்துவிட்டது. விளம்பர நிறுவனம் ஒன்று மாதம் 25,000 ரூபாய்க்குச் சமூக ஊடக விளம்பரம் முழுவதையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. அருகிலுள்ள சூப்பர் மார்க்கெட் ஒன்றும் சரக்கு வைக்கச் சம்மதிக்கிறது. இரண்டில் எதை முதலில் செய்யலாம் என்று கேட்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆண்டு இரண்டையும் செய்யாதீர்கள். உங்களிடம் ஒருமுறை வாங்கியவர்கள் ஏன் இரண்டாம் முறை வரவில்லை என்பது தெரியும் வரை, புதியவர்களைத் தேடிச் செலவிடும் பணம் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீராகவே போகும். ஈரோடு மாவட்டத்தில் நானும் என் கணவரும் 16 ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறோம். அவர் செக்கைப் பார்த்துக்கொள்கிறார். கொள்முதல், விற்பனை, கணக்கு மூன்றும் என் பொறுப்பு. நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நாங்களும் நின்றிருக்கிறோம், அங்கே தவறான பக்கம் திரும்பி இரண்டு ஆண்டுகளை இழந்தும் இருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பிலிருந்து மரச்செக்கில் 40 முதல் 42 கிலோ எண்ணெய் கிடைத்தால் அது நல்ல வரவு. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஆகவே ஒரு லிட்டருக்குச் சுமார் 2.2 கிலோ பருப்பு வேண்டும். பருப்பின் விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காகக் கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கு மட்டும் 264 ரூபாய். மிஞ்சும் 1.2 கிலோ புண்ணாக்கைக் கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் 54 ரூபாய் திரும்பி வரும். மீதி 210. ஆட்டுக்கூலி, மின்சாரம், பாட்டில், மூடி, லேபிள், வாடகையின் பங்கு எல்லாவற்றுக்கும் 36 ரூபாய் என்று சிக்கனமாகப் போட்டாலும் அடக்கம் 246 ரூபாய் ஆகிறது. இதை 300 ரூபாய்க்கு நீங்களே நேரடியாக விற்றால், 5 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்த பின் 285 ரூபாய் 71 காசு கையில் நிற்கும். லாபம் ஏறத்தாழ 40 ரூபாய். அதே பாட்டிலைக் கடைக்கு 15 சதவீத மார்ஜினில் கொடுத்தால் உங்களுக்கு வருவது 255 ரூபாய். அதற்குள் இருக்கும் வரியையும் கழித்தால் 243 ரூபாய்க்கும் குறைவு. அதாவது ஒவ்வொரு பாட்டிலுக்கும் மூன்று ரூபாயைக் கடைக்காரருக்கு நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள். உள்ளீட்டு வரியின், அதாவது வாங்கும் பொருட்களுக்கு நாம் ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வதன், நுணுக்கங்களை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. உங்கள் ஊர்க் கொள்முதல் விலையைப் போட்டு இதே கணக்கை இன்றே எழுதிப் பாருங்கள். இதை எழுதாமல் எந்த விளம்பரத் திட்டத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

இந்த 40 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பர நிறுவனத்தின் திட்டத்துக்கு வருவோம். மாதம் 25,000 ரூபாய் செலவில் 150 புதியவர்கள் வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தொடங்கி ஐந்து மாதமான ஒரு செக்குக்கு அது மிக நல்ல பலன். ஒருவரைக் கொண்டுவர 166 ரூபாய் ஆகியிருக்கிறது. அவர் நான்கு லிட்டருக்கு மேல் வாங்கிய பிறகுதான் அந்தச் செலவே திரும்பும். ஒரு லிட்டரோடு நின்றுவிட்டால் அவரால் உங்களுக்கு 126 ரூபாய் நட்டம். ஆனால் மாதம் இரண்டு லிட்டர் வீதம் ஓராண்டு வாங்கும் ஒரு குடும்பம் 960 ரூபாய் லாபம் தரும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு 166 ரூபாய் செலவிடுவது வீண் இல்லை. ஆகவே விளம்பரம் பயன்படுமா என்ற கேள்விக்கான விடை விளம்பரத்தில் இல்லை, வந்தவர் மீண்டும் வருகிறாரா என்பதில் இருக்கிறது. உங்களிடம் இப்போது அந்த எண்ணிக்கை இல்லை. மேலும், இத்தகைய திட்டங்களில் நிறுவனத்தின் கட்டணம் தனியாகவும், முகநூலுக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ கட்ட வேண்டிய தொகை தனியாகவும் இருப்பது வழக்கம். 25,000 ரூபாயில் எது அடங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சூப்பர் மார்க்கெட் விஷயத்தில் எங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் நான்கு கிளைகள் கொண்ட ஒரு கடை எங்கள் எண்ணெயைக் கேட்டது. எங்கள் பெயர் அச்சிட்ட பாட்டில்கள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண்கலங்கியது உண்மை. முதல் மாதம் 'பில் டு பில்' என்றார்கள்; அதாவது அடுத்த சரக்கு இறக்கும்போது முந்தைய பில்லுக்குப் பணம் தருவார்கள். பிறகு அது 30 நாளாகி, 60 நாளாகி, ஏழாவது மாதத்தில் நிலுவை 1,80,000 ரூபாயைத் தாண்டியது. நாள் கடந்த பாட்டில்களைத் திருப்பி அனுப்பி அதையும் கணக்கில் கழித்தார்கள். அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் கடலை வாங்கக் கையில் பணமில்லாமல் என் நகைகளை அடகு வைத்தோம். பலகாரத்துக்காக மக்கள் எண்ணெய் கேட்டு வந்த வாரத்தில் எங்களிடம் எண்ணெய் இல்லை. விற்பனை ஏறிக்கொண்டே போன ஆண்டுதான் நாங்கள் மூழ்கவிருந்த ஆண்டு என்பதை இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள்ளும், ஆனால் எந்த நிலையிலும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். 2023-24 நிதியாண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டியும் தராமல் ஆண்டு முடிவில் நிலுவையில் வைத்த தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் வந்ததால், கடைகளின் கணக்காளர்களே இப்போது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். குறு, சிறு தொழில்கள் அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம். இன்னும் செய்யவில்லையென்றால் இன்றே செய்து, பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். சட்டம் துணை நிற்கும் என்பதற்காகக் கடையை நம்பிப் போகச் சொல்லவில்லை. வழக்குக்குப் போகும் வலிமை நமக்குக் குறைவு. சட்டத்தைச் சொல்லி முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது.

பெரிய நிறுவனங்கள் விளம்பரத்தால்தானே வளர்ந்தன என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரிலேயே தொடங்கி வளர்ந்த இரண்டு நிறுவனங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1983 இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு கடலூரில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் கெவின்கேர் ஆனது. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் எண்ணத்தை அவருக்கு முன்பே அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் செயல்படுத்திக் காட்டியிருந்தார். சிக் செய்தவற்றில் நமக்கு உதவும் பாடம் ஒன்று உண்டு. காலி ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்த நிறுவனத்தின் பாக்கெட்டையும் ஏற்றுக்கொண்டு, பிறகு சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அந்தத் திட்டம் பரிசளித்தது மறுபடி வாங்கியவருக்குத்தான். பயன்படுத்தித் தீர்த்தவர் கையில்தானே காலிப் பாக்கெட் இருக்கும்.

இன்னொன்று அருண் ஐஸ்கிரீம். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970 இல் 13,000 ரூபாய் முதலீட்டில் சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் தயாரிப்பில் தொடங்கியவர். சென்னையில் பெரிய நிறுவனங்களோடு நேருக்கு நேர் மோதாமல், அவர்கள் பொருட்படுத்தாத கல்லூரி உணவகங்களுக்கும், பின்னர் சிறு நகரங்களுக்கும் சரக்கைக் கொண்டுசென்றார். பெரியவர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் முதல் ஆளாக நிற்பது பணம் குறைந்தவர்களுக்குக் கிடைக்கும் அரிய வசதி. ஹட்சன் என்ற பெரிய பால்பொருள் நிறுவனம் அதிலிருந்துதான் வளர்ந்தது. நாம் அந்த அளவுக்கு வளர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் அதை விரும்பியதும் இல்லை. தங்கள் பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே அளந்து வைத்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நமக்கு அந்த இடம் எது? என் அனுபவத்தில், செக்கைச் சுற்றி எட்டு கிலோமீட்டர். அதற்குள் இருக்கும் ஒரு வீட்டுக்கு உங்கள் செக்கு தெரியாமல் இருந்தால் அதுதான் முதல் குறை. எங்களுக்கு நிலையான வாடிக்கை அமைந்தது நாங்கள் எதிர்பார்க்காத இரண்டு வழிகளில். ஒன்று, கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது. அவல்பூந்துறைப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் தங்கள் சொந்தக் கொப்பரையையும், மற்றவர்கள் வீட்டுக் கடலையையும் எள்ளையும் கொண்டுவந்து ஆட்டிச் செல்வார்கள். கூலி மட்டும்தான் கிடைக்கிறது, நம் எண்ணெய் விற்கவில்லையே என்று முதலில் நான் அதைக் குறைவாக நினைத்தேன். ஆனால் ஆட்டி முடியும் வரை அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். பருப்பைப் புடைப்பதையும், எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பதையும், எண்ணெய் இறங்குவதையும் கண்ணால் பார்ப்பார்கள். தங்கள் கடலை தீர்ந்துபோன மாதங்களில் அவர்கள் வேறு எங்கும் போவதில்லை. மற்றொன்று புண்ணாக்கு. மாடு வைத்திருப்பவர்கள் வாரம் தவறாமல் வருவார்கள். புண்ணாக்கில் மண்ணும் பழைய சரக்கும் கலந்திருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்களே. அவர்கள் நம்பிவிட்டால் ஊரே நம்பிவிடும். இந்த இரண்டுக்கும் நான் ஒரு ரூபாய்கூட விளம்பரமாகச் செலவிட்டதில்லை.

அடுத்தது என் நோட்டு. 80 பக்க நோட்டு ஒன்றில் வாங்கியவரின் பெயர், தெரு, தொலைபேசி எண், வாங்கிய நாள், அளவு, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதத் தொடங்கினேன். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு லிட்டர் எத்தனை நாள் வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். தீரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாக ஒரு வரிச் செய்தி அனுப்புவேன். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். ஆகவே முதல் பாட்டிலைக் கொடுக்கும்போதே உங்கள் எண்ணை அவர்கள் சேமித்துக்கொள்ளும்படி கேளுங்கள். இந்த வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டாம். எண்ணெய் கரண்டியில் நுரை கட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், சுத்திகரிக்காத எண்ணெயில் சிறிது நுரை வருவது இயல்பு என்பதையும், அளவுக்கு மீறி நுரைத்தால் ஈரம் இருந்திருக்கலாம் என்பதையும் ஆட்டியவரால்தான் விளக்க முடியும்.

எங்களுக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. மழைக்காலத்தில் சரியாகக் காயாத பருப்பை அவசரத்தில் ஆட்டி, தெளியவைக்க வேண்டிய நாட்களையும் குறைத்துவிட்டோம். மூன்றாம் வாரத்தில் ஒரு பெண்மணி பாட்டிலைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார், காறல் வாடை. அந்த முறை ஆட்டிய எண்ணெயில் 63 பாட்டில்கள் விற்றுப் போயிருந்தன. நோட்டு இருந்ததால் 63 பேரையும் ஒரே நாளில் அழைத்து, இருக்கும் எண்ணெயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிய எண்ணெய் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். இன்னும் பாட்டிலைத் திறக்காதவர்களையும் அழைத்தோம். அந்த மாத லாபம் முழுவதும் போயிற்று. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இன்றும் எங்கள் நோட்டில் இருக்கிறார்கள். பருப்பின் ஈரம் வாடையோடு நிற்கும் பிரச்சினையும் இல்லை. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் நச்சு, ஆலைச் சுத்திகரிப்பில் பெருமளவு நீங்கக்கூடியது. செக்கு எண்ணெயில் அப்படி நீக்கும் வழி நம்மிடம் இல்லை. சொத்தைப் பருப்பைப் பொறுக்கி எடுப்பதற்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்தி விளம்பரம் செய்வதைப்போல் ஆபத்தான சிக்கனம் இந்தத் தொழிலில் வேறில்லை.

இதோடு தொடர்புடையதாகையால் விளம்பர வாசகங்களையும் குறிப்பிட வேண்டும். உங்கள் துண்டறிக்கையில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது', 'மாரடைப்பைத் தடுக்கும்', 'ரீஃபைண்டு எண்ணெய் விஷம்' என்ற மூன்று வாசகங்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மூன்றையும் எடுத்துவிடுங்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவில் கிடையாது. நம் எண்ணெய்க்கு மட்டுமே உள்ள சிறப்பாக அதைக் காட்டுவது நேர்மையில்லை. நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்வதும், பிறருடைய பொருளைத் தாழ்த்தி நம் பொருளை உயர்த்துவதும் 2018 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிகளுக்கு எதிரானவை. அவற்றுக்குப் பதிலாக எந்த ஊர்க் கடலை, எந்த மாதம் வாங்கியது, எந்த நாளில் ஆட்டியது என்று எழுதுங்கள். பெரிய நிறுவனங்களால் சொல்ல முடியாதவை அவை. லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், அளவு, விலை, தயாரித்த நாள் எல்லாம் விதிப்படி இருக்கட்டும். அளவை லிட்டரிலும் கிராமிலும் தெளிவாகப் போடுங்கள். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் குழப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். தங்களுக்கு 90 கிராம் குறைந்ததாக நினைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர் நம்மிடம் சொல்லமாட்டார், வரமாட்டார், அவ்வளவுதான்.

விலையைக் குறைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 40 ரூபாய் லாபத்தில் 20 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால், பழைய வருமானத்தை எட்டவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். விலை அதிகம் என்று ஒருவர் சொல்லும்போது முகம் வாடாமல் மேலே எழுதிய கணக்கை அவரிடம் விளக்குங்கள். எனக்கு அதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. சொந்தக்காரர்களிடம் விலை சொல்லவே அப்போது நாக்கு எழவில்லை. உறவினர்களுக்கு அடக்க விலையில் கொடுத்ததை எல்லாம் விற்பனை என்று எழுதி வைத்து நாங்களும் ஏமாந்தோம். உங்கள் முதல் இரண்டு மாத விற்பனையும் பெரும்பாலும் அத்தகையதுதான். அதை வளர்ச்சியாகவும், பிறகு வந்த சரிவை வீழ்ச்சியாகவும் நினைத்து மனம் உடைந்துவிடாதீர்கள். உங்கள் உண்மையான தொழில் மூன்றாம் மாதத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

விளம்பரத்துக்கு ஒதுக்க நினைத்த பணத்தைக் கொள்முதலுக்கு ஒதுக்குங்கள். எங்கள் ஈரோடு மாவட்டச் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் ஏலம் நடக்கும் நாளில் நேரில் போய் நின்று பாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அறுவடைக் காலத்தில் தரமான சரக்கைக் காயவைத்து இருப்பு வைக்க முடிந்தவர், பண்டிகைக்கு முன் விலை ஏறும்போது வாடிக்கையாளரிடம் விலையை ஏற்றாமல் நிற்க முடியும். அந்த ஒரு மாதம் விலை ஏற்றாமல் இருந்ததை எங்கள் வாடிக்கையாளர்கள் ஆண்டு முழுவதும் பிறரிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுப்பதை நிறுத்தி, உங்களுக்கென்று மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எழுதுங்கள். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. வாரத்தில் ஒரு நாள் செக்கை நிறுத்துங்கள். ஏழு நாளும் ஓட்டிய ஆண்டுகளில் என் கணவருக்கு முதுகு வலியும், எங்கள் இருவருக்கும் இடையே பேச்சின்மையும்தான் மிஞ்சின. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று பலகை வைத்த பிறகு விற்பனை குறையவில்லை. மக்கள் திங்கட்கிழமையே வந்து வாங்கிச் சென்றார்கள்.

இதுவரை உங்களிடம் வாங்கிய உறவினர் அல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் 40 பேரை இந்த வாரம் தொலைபேசியில் அழையுங்கள். மீண்டும் வாங்கும்படி கேட்க வேண்டாம். எண்ணெய் தீர்ந்துவிட்டதா, எதற்குப் பயன்படுத்தினீர்கள், இப்போது எங்கே வாங்குகிறீர்கள் என்ற மூன்றை மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படிக் கிடைத்த பதில்களில் பாதிப் பேர் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடை ஆறு மணிக்கே மூடிவிடுகிறது, வேலை முடிந்து வர முடியவில்லை என்றார்கள். அடுத்த நாளிலிருந்து எட்டரை மணி வரை திறந்து வைத்தோம்.